ஒரு கெண்டைக்காலும் நான்கு மா நிலமும்

"புடவையைக் கொஞ்சம் தூக்கும்மா. முட்டி வரைக்கும்."

சொன்னவர் எதிர்த்தரப்பு வக்கீல். இடம், தாலுகா ஆபீசின் பின்கட்டில் நடந்த வருவாய் கோர்ட். பெஞ்சுகளிலும் வாசற்படியிலுமாக நாற்பது ஐம்பது பேர் தங்கள் வழக்குக்காகக் காத்திருந்தார்கள். அநேகமாக எல்லாரும் ஆண்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரியைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தூக்கினேன்.

வக்கீலின் குமாஸ்தா பையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவைத்து வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குனிந்து என் இடது கெண்டைக்காலைச் சுற்றினார். டேப் சில்லென்று இருந்தது. அவர் விரல்களில் மூக்குப்பொடி வாசனை.

"இடது பதிமூணு இஞ்ச்." பிறகு வலது. "பதினொண்ணு."

"ரெண்டு இஞ்ச் வித்தியாசம், குறிச்சுக்கணும்" என்றார் வக்கீல் அதிகாரியிடம். என் பக்கம் திரும்பினார். "இப்ப அந்த வலது காலால மட்டும் எவ்வி நில்லும்மா. குதிகாலைத் தூக்கணும்."

இடது காலை மடக்கிக்கொண்டு வலது முன்பாதத்தில் உடம்பைத் தூக்கப் பார்த்தேன். குதிகால் எழும்பவில்லை. எழும்பாது என்று எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து எழும்பியதில்லை. தள்ளாடி மேஜை விளிம்பைப் பிடித்தேன். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பிறகு பல பேர்.

"இந்தக் கால்தான் சேத்துல எறங்கி நடவு நடுதாம்" என்றார் வக்கீல்.

என் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆள் நடமாட்டம் நிழலாக மட்டும் தெரிந்த காலம் அவளுக்கு.

"மேரி, என்னடி பண்றாங்க? எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"காலை அளக்கிறாங்கம்மா."

அம்மா என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தது.

நான்கு மா

என் கால் எதற்காகக் கோர்ட்டுக்குப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். அங்கே நாங்கள் பயிர் செய்துவந்தது நான்கு மா நிலம். ஏக்கர் கணக்கில் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் கூட. நிலம் மிராசுதாருடையது, குத்தகை எங்களுடையது. அப்பா சூசை எனக்கு ஆறு வயதில் பாம்பு கடித்து இறந்தார். அதற்குப் பிறகு அம்மா சவரியம்மாள்தான் மடை திறந்தாள், வரப்பு வெட்டினாள், நட்டாள், அறுத்தாள்.

குத்தகைதாரர் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தபோது, விவசாயச் சங்கத்துத் தோழர் ரத்தினம் அம்மாவைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப்போய்ப் பேரை எழுதவைத்தார். வேலை முடிந்து திரும்பி வந்த அம்மாவைக் களத்தில் நிறுத்தி, மிராசுதார் பண்ணையின் ஏஜெண்டு கேட்டார்: "ஏன் சவரியம்மா, இத்தனை வருஷம் சோறு போட்ட எடத்துக்கே பத்திரம் எழுதிக்கறியா?"

"சோறு நாங்க போட்டதுங்க. நீங்க அளந்துகிட்டீங்க" என்றாளாம் அம்மா. அந்தப் பதிலுக்கு விலை பல வருஷம் கழித்து வந்தது.

அம்மாவின் கண் மங்கி, வயலில் இறங்க முடியாமல் போனதும் ஏஜெண்டு மனுப் போட்டார். குத்தகைதாரர் என்றால் தானோ தன் குடும்பத்தாரோ உடம்பால் உழைத்துப் பயிர் செய்ய வேண்டும் என்பது சட்டம். சவரியம்மாளுக்குக் கண் இல்லை. மகளுக்குக் கால் இல்லை. ஆகவே இவர்கள் குத்தகைதாரர்களே அல்ல, நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். இதுதான் மனு.

அதில் ஒரு வாக்கியம் இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. "எதிர்மனுதாரரின் மகள், குழந்தைப் பருவத்தில் தாயின் கவனக்குறைவால் வலது கால் சூம்பிப் போனவர்."

ஆட்சி மாறியிருந்த சமயம் அது. ஊர்ச் சுவர்களில் சூரியனை வெள்ளையடித்து அதன்மேல் இலையை எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சின்னம் இருந்தாலும் அதற்குப் பக்கத்தில் "உழுபவருக்கே நிலம்" என்று ஒரு வரி மாறாமல் இருந்தது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் நாங்கள் பஸ் ஏறினோம்.

ஒரு கடிதம்

இதை எழுத வேண்டும் என்று நான் திட்டமிட்டிருக்கவில்லை. இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில் ஒன்றில், வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது என் வலது கால் மெலிந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர் அழகான கையெழுத்தில் கடிதம் அனுப்பியிருக்கிறார். என் எழுத்தைப் பாராட்டிவிட்டு, கடைசியில் இப்படி முடிக்கிறார்: "தங்கள் தாயார் சிறு வயதில் முறையாக எண்ணெய் தேய்த்து நீவி விட்டிருந்தால் கால் தேறியிருக்கும். அக்காலத்துப் பெண்களுக்கு அந்த அறிவு இல்லை."

கெட்ட எண்ணத்தில் எழுதியவர் அல்ல. அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. என் அம்மா மண்ணுக்குள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் அவளை விடமாட்டேன் என்கிறார்கள்.

அன்பரே, இந்த வாரம் உங்களுக்காக.

மாவுக்கட்டு

நான் பிறந்தபோது வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் இடது காலைப் பார்த்துக்கொண்டு இருந்ததாம். வளைபாதம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஊரில் கோணக்கால்.

பிரசவம் பார்த்தவள் முதலில் கேட்ட கேள்வி, "கிரகணத்தன்னிக்கு எதையாவது நறுக்கினியா?" என்பது. அம்மா யோசித்துப் பார்த்து, கிரகணத்தன்று காலையில் கீரை அரிந்ததாகச் சொல்லிவிட்டாள். போதாதா? அம்மாவின் கீரை பல வருஷம் ஊரில் வெந்தது. கோயிலுக்குப் போகிற குடும்பம், பூசை பார்க்கிற குடும்பம், யாரும் கீரையை விடவில்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தானே, எங்களுக்கு ஏது கிரகணம் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "கிரகணத்துக்கு மதம் தெரியுமா?" என்று பதில் வந்தது.

பிறந்து இருபதாம் நாள் அவள் என்னைத் துணியில் சுற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். பாதத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். அடுத்த வாரம் அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, வேறு கட்டு. வாரா வாரம். கட்டு ஊறிப் பிரிவதற்காக என் காலை ஒரு ஈயச் சட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாதி நாள் உட்கார்ந்திருப்பாளாம். பச்சை உடம்பு. நடவுக் காலத்தில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனாலும் ஒரு வாரம் தவறவில்லை.

பிறகு குதிகால் நாணைக் கொஞ்சம் வெட்டி நீட்டிவிட்டார்கள். மூன்று வயதில் என் பாதம் நேராகத் தரையில் பதிந்தது. அப்பா அன்று என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை போய் வந்ததாக அம்மா சொல்வாள்.

ஆனால் கெண்டைக்கால் மட்டும் மெலிந்தே இருந்தது. இடது காலில் மீன் வயிறு போலத் திரண்டிருக்கும் சதை, வலதில் முழங்காலுக்குக் கீழே சின்னதாக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அம்மா என்னை ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். எங்கே, யாரிடம் என்று சொல்ல விரும்பவில்லை. அவரும் இன்று இல்லை. அவர் காலைத் தொட்டுப் பார்க்காமலே கேட்டாராம்: "நடக்க விடாம இடுப்புலயே தூக்கிவச்சிருந்தியா? பிள்ளைக்கு என்ன குடுக்கறே? பழையதும் வெங்காயமுமா? சதை எப்படி வரும்?"

கீரை போய் இப்போது பழையது வந்தது. ஊர் சொன்னதைப் படித்தவரும் சொல்லிவிட்டாரே. அம்மா நம்பிவிட்டாள்.

ஆற்று மணல்

அதற்குப் பிறகு என் குழந்தைப் பருவம் முழுக்க எண்ணெய் வாசனைதான்.

விடியுமுன் அம்மா என்னை எழுப்பி, விளக்கெண்ணெயைச் சூடாக்கி, கணுக்காலிலிருந்து முட்டி வரை நீவுவாள். நாற்று நட்டு வெடித்த கை. அந்த வெடிப்புகள் தோலில் ரம்பம் மாதிரி உராயும். வலிக்குது என்றால், "பொறுத்துக்கடி, சதை வரணுமில்ல" என்பாள். அவளுக்கு ஒரு முட்டை கிடைத்தால் அது எனக்கு. வயல் நண்டு கிடைத்தால் சாறு எனக்கு. அம்மா சாப்பிட்டு நான் பார்த்த நண்டு, கால் ஓடுகள் மட்டும்.

கோடையில் ஆறு வற்றியதும், யாரோ சொன்னார்கள் என்று மணலில் குழி தோண்டி என்னை இடுப்பு வரை நிறுத்திப் புதைப்பாள். சூடான மணல் காலைக் கவ்விக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் ஊற்று தோண்டி விளையாடுவார்கள். நான் நட்டுவைத்த கன்று மாதிரி நிற்பேன். அம்மா எதிரே உட்கார்ந்து முந்தானையை விரித்து எனக்கு நிழல் பிடிப்பாள். வெயில் அவள் தலையில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அளவெடுப்பு. ஒரு வாழைநாரை என் வலது கெண்டைக்காலில் சுற்றி முடிச்சுப் போடுவாள். அடுத்த மாதம் மறுபடி. முடிச்சு நகரும், ஆமாம். நான் வளர்கிறேனே! அம்மா பூரித்துப்போவாள். உடனே இடது காலையும் அளப்பாள். அதுவும் நகர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் மட்டும் குறையவே குறையாது. நாரை அவிழ்த்து விரலில் சுருட்டுவாள். பிறகு, "என் கைக்கு ராசி இல்ல" என்பாள்.

ஒரு நாள் அல்ல, ஒரு வருஷம் அல்ல. நான் பெரியவளாகி, போதும் விடு என்று காலை இழுத்துக்கொள்ளும் வரைக்கும்.

இன்னொரு ஆபீஸ்

கதையை நிறுத்தி, பின்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு ஜீரணமாகாது.

வழக்கெல்லாம் முடிந்து பல வருஷத்துக்குப் பிறகு, ஊனமுற்றவர்களுக்குப் பஸ் பாஸ் தருகிறார்கள் என்று முகாம் போட்டார்கள். நானும் போனேன். வலது பாதம் இடதைவிட ஒன்றரை விரல் சின்னது; ஒரு ஜோடி செருப்புக்கு இரண்டு ஜோடி வாங்க வேண்டும். கூட்டமான பஸ்ஸில் நின்றால் கால் துவண்டுவிடும். கேட்பதில் தவறில்லை என்று வரிசையில் நின்றேன்.

மேஜையில் இருந்தவர் என் பாதத்தைப் பார்த்தார். "குதிகால் தரையில படுதே?"

"படுதுங்க."

"நடக்கறீங்களே?"

"நடக்கறேங்க."

"அப்ப ஊனம் எங்கே இருக்கு?"

கெண்டைக்காலைக் காட்டினேன். "அது சும்மா மெலிவு. நல்லா சாப்பிடுங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார். எனக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல்.

நிலத்தைப் பிடுங்க வேண்டுமானால் கால் இல்லாதவள். பாஸ் தர வேண்டுமானால் முழுக் கால் உள்ளவள். இரண்டு ஆபீசிலும் ஒரே காலைத்தான் காட்டினேன்.

அவர்களே கூப்பிட்ட சாட்சி

கோர்ட்டுக்குத் திரும்புவோம்.

டேப்பில் அளந்ததோடு வக்கீலுக்குத் திருப்தி வரவில்லை. டாக்டர் ஒருவரே வந்து "இந்தக் கால் உதவாது" என்று சொன்னால் வழக்கு முடிந்தது என்று கணக்குப் போட்டு, என்னைப் பரிசோதிக்க அதிகாரியிடம் உத்தரவு வாங்கினார். எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனேன். குள்ளமானவர், அதிகம் பேசாதவர். படுக்கவைத்து இரண்டு காலையும் அரைமணி நேரம் பார்த்தார். தொடையை அழுத்தி, "என் கையைத் தள்ளுங்க" என்றார். தள்ளினேன். அவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஏதோ எழுதிக்கொண்டார்.

அடுத்த வாய்தாவில் அவர் சாட்சி சொல்ல வந்தார். வக்கீல் உற்சாகமாக எழுந்தார்.

"டாக்டர், இந்தம்மாவோட வலது கால் சூம்பிப்போன கால்தானே?"

"இல்லை."

"ரெண்டு இஞ்ச் குறையுதே?"

"குறையுது. ஆனா சூம்பல. சூம்பறதுன்னா இருந்த சதை வத்திப்போறது. இவங்களுக்கு அந்தச் சதை எப்பவுமே இவ்வளவுதான். வளைபாதத்தோட பொறக்கற குழந்தைக்கு, தாய் வயித்துலயே கெண்டைச்சதை சின்னதாத்தான் உருவாகுது. நீளமும் கம்மி, கனமும் கம்மி. சதை இருக்க வேண்டிய எடத்துல கொஞ்சம் கொழுப்பும் இறுகின நாரும் இருக்கும். பாதத்தை நாங்க நிமித்திடலாம். இந்தச் சதையை அடுத்த காலுக்குச் சமமா யாராலயும் ஆக்க முடியாது. நானே வைத்தியம் பாத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும்."

வக்கீல் சுதாரித்துக்கொண்டார். "சின்ன வயசுல தாய் ஒழுங்கா கவனிச்சிருந்தா..."

"கவனிச்சதாலதான் சார் குதிகால் தரையில படுது. கட்டு ஒழுங்காப் போடாத பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். பெரியவங்களாகியும் புறங்காலை ஊணித்தான் நடப்பாங்க. இவங்கம்மா ஒரு வாரம்கூட விடாமப் போயிருக்கணும்."

"எவ்வி நிக்க முடியல்லையே, எப்படி சேத்துல வேலை செய்வாங்க?"

"எவ்வறதுக்குக் கெண்டைச்சதை வேணும். சேத்துலேருந்து காலைப் பிடுங்கறதுக்குத் தொடையும் இடுப்பும் போதும். இவங்க தொடையைச் சோதிச்சேன். இந்த ரூம்ல இருக்கற பல பேரைவிட பலம்."

பெஞ்சில் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை வக்கீல் உட்கார்ந்தார்.

அதிகாரி முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார். "நீங்களேதான் நடறீங்களா?"

"ஆமாங்க. நாத்துப் பறிக்கறது, நடறது, களை, அறுப்பு, மடை பாக்கறது எல்லாம் நான்தான். ஏருக்கு மட்டும் மாமா வருவாரு. பதிலுக்கு நான் அவங்க வயல்ல நட்டுக் குடுப்பேன்."

"கால் வலிக்காதா?"

இதுவரை எந்த ஆபீசிலும் யாரும் கேட்காத கேள்வி.  "சாயங்காலம் வலிக்குங்க. எல்லாருக்கும்தான் வலிக்கும்."

நான் இறங்கி வந்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே வெளித் தாழ்வாரத்துக்குப் போயிருந்தாள். டாக்டர் வெளியே வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், அந்தத் திசையில் கைகூப்பினாள்.

"ஐயா, டாக்டருங்களா?"

"ஆமாம்மா."

"நான் தேச்ச எண்ணெயால ஒண்ணும் ஆவலீங்களா?"

"அதனால கெடுதல் ஒண்ணும் இல்லம்மா. ஆனா அதனால சதை வந்திருக்காது."

"பழையது குடுத்ததால இல்லீங்களே?"

"இல்லம்மா."

"கீரை அரிஞ்சேங்க, கிரகணத்தன்னிக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை நான் இன்றும் நினைக்கிறேன். "அதனாலயும் இல்ல. உங்க தப்பு எதுவுமே இல்லம்மா" என்றார்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் உயர்ந்தது.

"அப்ப ஏன்யா இத்தினி வருஷமா ஒருத்தரும் சொல்லல? நான் வாரா வாரம் வந்தேனே! எத்தினி பேரு காலைப் பாத்தாங்க! பொறப்புலயே இப்படித்தான்னு ஒரு வார்த்தை சொல்ல எவனுக்கும் வாய் வரலியா? அந்தப் புள்ளையை மணல்ல பொதைச்சேனே! அழ அழத் தேச்சேனே!"

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டவாலி சேவகர் ஓடிவந்து, "சத்தம் போடாதம்மா, கோர்ட்டு நடக்குது" என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பி, "நடக்கட்டும்" என்றாள். டாக்டர் அசையாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் செய்த தப்பு அல்ல அது. ஆனாலும் மற்றவர்களுக்காக நின்றார் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரே ஒரு வரி

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பண்ணையின் மனு தள்ளுபடி. நிலம் எங்கள் குத்தகையிலேயே தொடரலாம்.

உத்தரவின் நகலை வாங்க அம்மா, நான், தோழர் ரத்தினம் மூவரும் போனோம். நகலைக் கையில் வைத்துக் காட்டினால்தான் ஏஜெண்டின் ஆட்கள் எங்கள் மடையைத் திறக்க விடுவார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கைந்து நாளில் நடாவிட்டால் குறுவைப் பயிர் போச்சு.

கிளார்க் இரண்டு பக்கத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு வைக்கச் சொன்னார். அம்மா மையில் விரலை ஒற்றியபடி, "படிடி" என்றாள்.

படித்தேன். சர்வே எண், எல்லை, மனுதாரர் வாதம், எங்கள் வாதம். இரண்டாவது பக்கத்தின் நடுவில் என் குரல் நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"படி."

படித்தேன். "எதிர்மனுதாரரின் மகள், குழந்தைப் பருவத்தில் தாயின் கவனக்குறைவால் வலது கால் சூம்பிப் போனவராக இருந்தபோதிலும், உடலுழைப்பில் ஈடுபட்டு வருவது சாட்சியங்களால் தெரியவருகிறது."

பண்ணையின் மனுவில் இருந்த வாக்கியம், எழுத்து மாறாமல். டாக்டர் அத்தனை பேர் முன்னால் சொன்னது எங்கே போயிற்று? எழுதியவர் மனுவை எடுத்துவைத்து அப்படியே நகலெடுத்திருக்கிறார். நாங்கள் ஜெயித்த காகிதத்தில் அம்மா குற்றவாளி.

அம்மா மைவிரலைப் புடவையில் துடைத்தாள். "வைக்க மாட்டேன்."

"சவரியம்மா" என்றார் ரத்தினம், தணிந்த குரலில், "நிலம் கெடைச்சிருச்சு. அது சும்மா ஒரு வரி. நாத்து முத்துது. கையை வச்சிட்டு வாங்க, போவோம்."

"நீங்க நல்லவரு தோழரே. உங்க மேல எழுதியிருந்தா வைப்பீங்களா?"

 எனக்கும் உள்ளூர பயம்தான். வையேன் அம்மா என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் இன்று இதை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

கிளார்க் எரிந்து விழுந்தார். அதிகாரி கேம்ப் போயிருப்பதாகச் சொன்னார். மறுநாள் போனோம், மீட்டிங். அதற்கு மறுநாள் அம்மா அதிகாரியின் அறை வாசலில், ஜீப் வந்து நிற்கும் இடத்திலேயே போய் நின்றுகொண்டாள். நடுப்பகலில் ஜீப் வந்தது.

"என்னம்மா, உங்களுக்குச் சாதகமாத்தானே போட்டிருக்கு?"

"நெலத்துக்கு ரொம்ப நன்றிங்க. ஆனா நான் என் புள்ளையைக் கவனிக்கலன்னு போட்டிருக்கு. டாக்டரு சொன்னது உங்க காதுல விழலீங்களா? உங்க முன்னாடிதான சொன்னாரு."

"அது வெறும் விவரணைம்மா. தீர்ப்பை ஒண்ணும் பாதிக்காது."

"உங்களைப் பாதிக்காதுங்க. எனக்குப் பிறகும் அந்தக் காகிதம் இருக்கும். என் பேத்தி படிப்பா. ஆத்தா கவனிக்காமக் காலைக் கெடுத்தான்னு சர்க்காரே சொல்லியிருக்குன்னு படிப்பா."

எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பேத்தி இருந்தாள்.

அதிகாரி நகலை வாங்கி, நின்றபடியே படித்தார். பிறகு உள்ளே போனார். மூலக் கோப்பைக் கொண்டுவரச் சொல்லும் சத்தம் கேட்டது. அப்புறம் டாக்டரின் வாக்குமூலத்தைப் புரட்டும் சத்தம். வெகுநேரம். சிவப்பு மையில் அந்த வரியில் பாதியை அடித்து, ஓரத்தில் "பிறவியிலேயே", "மெலிந்தவராக" என்று இரண்டு சொல் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினார். 

கிளார்க் மைப்பெட்டியை அம்மா பக்கம் தள்ளினார்.

"முதல்லேருந்து படி" என்றாள் அம்மா.

"எல்லாத்தையுமாம்மா?"

"எல்லாத்தையும். சத்தமா."

படித்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சர்வே எண்ணிலிருந்து முத்திரை வரைக்கும், ஒரு சொல் விடாமல் படித்தேன். கிளார்க்கும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு மை இருந்த இடம் வந்ததும், "பிறவியிலேயே வலது கால் மெலிந்தவராக இருந்தபோதிலும்" என்றேன்.

"அங்க அடிச்சிருக்கா?"

"அடிச்சிருக்கும்மா."

அம்மா கையை நீட்டினாள். அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் வைக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அழுத்தியது அவள்.